காலணிக்குள் ஏன் புல்? – வாசகர் கேள்வி பதில்

பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதியது நாலு வரிதான், அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வரலாறு, அறிவியல் இரண்டையும் பற்றி வந்தவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீளமாக இருந்த சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. கதைப் புத்தகம் கையில் இருந்தால் தூக்கத்தையே மறந்துவிடுவான், வரலாறு என்றால் மட்டும் ஓடுகிறான். படம் நிறைய இருந்தால் படிப்பான் என்று நம்பி, உலக வரலாறு முழுவதையும் சொல்லும் ஒரு பெரிய படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் எல்லாப் படத்தையும் புரட்டிவிட்டு மூடி வைத்துவிட்டான். நான் எங்கே தவறு செய்தேன்?

பதில்: உங்கள் மேல் தவறில்லை அம்மா, மகன் மேலும் இல்லை. ஐயாயிரம் வருடத்தை இருநூறு பக்கத்தில் அடைத்தால் பக்கத்துக்கு ஒரு பேரரசு, ஒரு போர், ஒரு கோட்டை என்று ஓடத்தான் வேண்டியிருக்கும், அந்த ஓட்டத்தில் கண் உட்கார இடமே கிடைக்காது. நமக்கு அப்படிப்பட்ட புத்தகம் பிடித்துப்போவதற்குக் காரணம், அதில் பாதியை நாம் ஏற்கெனவே படித்திருக்கிறோம், படத்தைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்ததுபோல் இருக்கிறது. அவனுக்கு அங்கே தெரிந்தவர் யாருமில்லை. கதைப் புத்தகத்தில் அவனை இழுப்பது ஒரு ஆளும் அந்த ஆளுக்கு வந்த ஒரு சிக்கலும்தானே? வரலாற்றிலும் அதையே கொடுத்துப் பாருங்கள். ஒரு மனிதர், ஒரு பொருள், ஒரு நாள் போதும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1991 செப்டம்பரில், ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஆல்ப்ஸ் மலையில், சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், நடைப்பயணம் போன இருவர் பனியில் பாதி புதைந்து கிடந்த ஓர் உடலைப் பார்த்தார்கள். மலையேறப் போய் விபத்தில் இறந்த யாரோ என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால் அவர் இறந்து சுமார் 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன! ஓட்ஸி என்று இன்று அழைக்கப்படும் அந்த மனிதரிடம் ஒரு செம்புக் கோடரி இருந்தது, கரடித்தோல் தொப்பி இருந்தது, உடம்பில் 61 இடங்களில் பச்சை குத்தியிருந்தது. காலணிக்குள் காய்ந்த புல்லைத் திணித்து, அது நகராதபடி மரநாரில் பின்னிய வலையால் பிடித்து வைத்திருந்தார்.

என் அக்கா மகளுக்கு இந்தப் படங்களைக் காட்டியபோது அவள் கோடரியைக் கண்டுகொள்ளவே இல்லை, நேராகக் காலணியில் விரலை வைத்தாள். "உள்ளே ஏன் புல்லு?" குளிருக்குத்தான் என்று நான் உடனே சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் அங்கேயே முடிந்திருக்கும். "பனியில நடக்கிறார், நீயே யோசிச்சுச் சொல்லு" என்றேன். அதற்கப்புறம் அரை மணி நேரம் அவள்தான் பேசினாள். புல் நனைந்தால் என்ன செய்வார், அவ்வளவு உயரத்தில் புல் ஏது, அப்படியென்றால் கீழேயிருந்து கொண்டுவந்திருக்க வேண்டும், கீழே வீடு இருந்ததா, வீட்டை விட்டு ஏன் மேலே வந்தார்? அப்போதுதான் மீதியைச் சொன்னேன். அவர் வயிற்றில் கடைசியாகச் சாப்பிட்ட காட்டாட்டு இறைச்சியும் மான் இறைச்சியும் ஒருவகைக் கோதுமையும் இருந்தன, 2001ல் எடுத்த எக்ஸ்ரேயில் இடது தோளுக்குள் ஓர் அம்பு முனை தெரிந்தது என்று. அவளுக்கு அது துப்பறியும் கதையாகிவிட்டது, அன்று இரவு முழுப் புத்தகத்தையும் அவளே படித்தாள்.

வாங்கிய பெரிய புத்தகத்தை ஒதுக்கிவிட வேண்டாம். அதில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எழுத்தைப் படிக்காதீர்கள், படத்தை அவன் பார்க்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் காத்திருங்கள் (இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது). அப்புறம் "இது என்ன?" என்று பரீட்சை மாதிரி கேட்காமல், "இவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். 1988ல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் சின்னக் குழந்தைகளின் பெற்றோருக்கு இப்படிக் கேட்டு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பெற்றோர் கதையைப் படித்துக்காட்டிவிட்டு நிறுத்தாமல், கேள்வி கேட்டு, பிள்ளை சொல்வதைப் பிடித்துக்கொண்டு மேலே போனபோது, ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு நன்றாக முன்னேறியிருந்தது. உங்கள் மகன் பெரியவன், ஆனாலும் வழி அதேதான். படத்திலிருந்து ஒரு கேள்வி அவன் வாயில் வந்துவிட்டால், பதிலைத் தேடி எழுத்துக்கு அவனே போவான்.

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. படத்துக்குப் பழகிய பிள்ளைகள் எழுத்தைப் படிக்கச் சோம்பல்படுகிறார்கள் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு. படம் என்பது சிறு பிள்ளைகளுக்கான ஊன்றுகோல்தானே, ஒரு வயதுக்கு மேல் அதை விட்டுவிட வேண்டாமா?

பதில்: நான் இதை முழுவதும் மறுக்கிறேன் டீச்சர். அறிவியலே படங்களைப் பிடித்துக்கொண்டுதான் நடந்து வந்திருக்கிறது. 1609ன் கடைசியில் கலிலியோ தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தபோது ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு வளைந்து நெளிந்து இருந்ததைக் கண்டார். இருட்டுப் பகுதிக்குள் தனித்தனியாக வெளிச்சப் புள்ளிகள் இருந்தன. சூரிய ஒளி முதலில் மலை உச்சியில் படுவதால்தான் அப்படித் தெரிகிறது என்று புரிந்துகொண்டு, வரைந்து, 1610ல் அச்சிட்டார். வழுவழுப்பான உருண்டை என்று அதுவரை பலரும் நம்பிய நிலவில் மலைகள் இருப்பதை அவர் சொற்களால் மட்டும் சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஏற்றிருப்பார்கள்? 1665ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்டதை வரைந்து வெளியிட்ட புத்தகத்தில் ஒரு தெள்ளுப்பூச்சியின் படம் இருக்கிறது. பூச்சியின் நீளம் சில மில்லிமீட்டர்தான், படமோ மடிப்பைப் பிரித்தால் ஒன்றரை அடி. தன் நாட்குறிப்புக்காகப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் இந்தப் புத்தகத்தை இரவு இரண்டு மணிவரை உட்கார்ந்து பார்த்ததாக எழுதி வைத்திருக்கிறார். அவர் சிறுபிள்ளை இல்லையே.

பாடப்புத்தகத்துக்குள் படம் வந்ததும் நேற்று முன்தினம் இல்லை. 1658ல் நியூரம்பர்க்கில் ஜான் ஆமோஸ் கொமேனியஸ் என்ற ஆசிரியர், பார்த்துப் படிக்க ஒரு புத்தகம் வெளியிட்டார். 150 பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் மரச்செதுக்குப் படம். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதே எண் எழுத்திலும் இருக்கும், லத்தீனிலும் ஜெர்மனிலும். பிள்ளையின் கண் படத்துக்கும் சொல்லுக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எழுத்துகளைக்கூடக் காக்கை கத்துவது போன்ற ஒலிகளோடு படம் போட்டுத் தொடங்கினார்.

அவர் அனுபவத்தில் கண்டதைத்தான் இருபதாம் நூற்றாண்டில் ஆலன் பைவியோ என்ற உளவியலாளர் வேறு விதமாகச் சொன்னார். சொல்லையும் உருவத்தையும் மனம் இரண்டு வழிகளில் பதித்துக்கொள்கிறது, இரண்டு வழியிலும் பதிந்தது எளிதில் நினைவுக்கு வரும் என்று.

ஆனால் உங்கள் ஆசிரியர் அறைப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். விஷயத்தோடு சம்பந்தமில்லாமல், பக்கத்தை நிரப்புவதற்காகப் போடும் படங்கள் படிப்பைக் கெடுக்கின்றன. ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் இதைப் பற்றிப் பல சோதனைகள் செய்திருக்கிறார். ஆர்வமூட்டுவதற்காகச் சேர்த்த தொடர்பில்லாத படமும் தகவலும் இருந்தால், எது எதனால் நடக்கிறது என்ற முக்கியமான இழையை மாணவர்கள் தவறவிடுகிறார்கள். படத்தின் பாகங்களின் பெயர் படத்துக்குள்ளேயே இல்லாமல் பக்கத்தின் அடியில் பட்டியலாக இருந்தாலும் புரிதல் குறைகிறது. ஆகவே வகுப்பில் படத்தை விட்டுவிடாதீர்கள், வேலை செய்யாத படத்தை மட்டும் விட்டுவிடுங்கள். படத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தப் படம் அங்கே சும்மாதான் இருக்கிறது.

கேள்வி: புகைப்படங்கள் உள்ள புத்தகம் நல்லதா, கையால் வரைந்தவை நல்லதா?

பதில்: இரண்டும் வேண்டும். புகைப்படம் "இது உண்மையாகவே இருக்கிறது" என்று காட்டும். இதயத்தின் உள்ளே வால்வு எப்படித் திறக்கிறது, ஒரு கோட்டைச் சுவரை வெட்டிப் பார்த்தால் உள்ளே என்ன, இதையெல்லாம் வரைபடம்தான் காட்டும், ஏனென்றால் வரைபவர் தேவையில்லாததை எடுத்துவிட முடியும்.

அதோடு, ஒரே பக்கத்தில் காலத்தையே காட்டவும் வரைபவரால் முடியும். மரியா சிபில்லா மேரியான் என்ற ஓவியர், 1699ல் தன் 52ஆவது வயதில், இளைய மகளை அழைத்துக்கொண்டு பூச்சிகளைப் பார்ப்பதற்காகவே கடல் கடந்து தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போனார். 1705ல் அவர் வெளியிட்ட படங்களில் புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் அவை தின்னும் செடியின் மேலேயே ஒரே தாளில் இருக்கின்றன. எந்தக் கேமராவும் ஒரு நொடியில் அதை எடுக்க முடியாது.

கேள்வி: என் சின்ன வயது டைனோசர் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்து மகளிடம் கொடுத்தேன். அவளிடம் புதிதாக வாங்கிய புத்தகமும் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு, "அப்பா, உங்க புத்தகத்துல வால் தரையில இழுபடுது, இதுல நேரா நிக்குது, இதுல சிலதுக்கு இறகு இருக்கு. எது பொய்?" என்கிறாள். பழையதை எடுத்து மறைத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: தயவுசெய்து மறைக்காதீர்கள். இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் சந்தோஷப்படுத்தியது உங்கள் மகளின் கேள்விதான். அறிவியல் எப்படி நடக்கிறது என்பதை எந்த ஒரு புத்தகமும் தனியாகக் காட்ட முடியாது. உங்கள் வீட்டில் இரண்டு புத்தகம் அக்கம்பக்கத்தில் இருந்துகொண்டு அதைக் காட்டியிருக்கின்றன.

அவளிடம் பொய் என்ற சொல்லை முதலில் நகர்த்தி வைத்துவிட்டு, இகுவானோடானின் கதையைச் சொல்லுங்கள். 1854ல் லண்டனில் ஒரு பூங்காவில் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி டைனோசர்களை முழு அளவில் செய்து நிறுத்தினார். இகுவானோடானைக் கனமான நாலுகால் விலங்காகச் செய்து, மூக்கின் மேல் காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல் ஒரு கொம்பை வைத்தார். அப்போது கிடைத்திருந்த எலும்புகள் கொஞ்சம், அவற்றில் கூர்மையான ஒன்று எங்கே பொருந்தும் என்று தெரியவில்லை, மூக்குதான் பொருத்தமாகத் தோன்றியது. 1878ல் பெல்ஜியத்தின் பெர்னிசார் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள், முந்நூறு மீட்டருக்கும் ஆழத்தில், முப்பதுக்கும் மேற்பட்ட இகுவானோடான்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பார்த்தால், அந்தக் கூர்மையான எலும்பு அதன் கட்டைவிரல்! சரி, மூக்கிலிருந்து கைக்கு வந்தது. ஆனால் அவற்றை நிறுத்தியபோது கங்காரு மாதிரி நிமிர்த்தி, வாலைத் தரையில் ஊன்றி வைத்தார்கள். அதுவும் பிறகு மாறியது, வால் விறைப்பாக நேராக நிற்கும்படி அமைந்தது, அப்படி வளைக்க வேண்டுமென்றால் வாலை உடைத்தால்தான் முடியும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். உங்கள் பழைய புத்தகம் வாலைத் தரையில் வைத்த அந்த நடுக்கட்டத்தைச் சேர்ந்தது.

இறகு விஷயம் 1996ல் வெளிச்சத்துக்கு வந்தது. சீனாவில் கிடைத்த சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறிய டைனோசரின் புதைபடிவத்தில் உடம்பைச் சுற்றி மெல்லிய இழைகள் பதிந்திருந்தன. 2010ல் அந்த இழைகளுக்குள் இருந்த நிறமித் துகள்களின் வடிவத்தைப் பறவை இறகிலுள்ள துகள்களோடு ஒப்பிட்டு, அதன் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தன என்று சொன்னார்கள். டைனோசரின் நிறம் யாருக்கும் தெரியவே முடியாது என்று நான் சிறுவயதில் படித்திருக்கிறேன். அதைப் படித்த எனக்கு 2010ல் அந்தச் செய்தி வந்தபோது இருந்த உற்சாகத்தை இன்றும் மறக்கவில்லை.

இன்னொரு படத்தையும் அவளுக்குக் காட்டுங்கள். மேரி ஆனிங் என்ற இங்கிலாந்துப் பெண் கடலோரப் பாறைகளில் புதைபடிவங்களைத் தோண்டி விற்றுப் பிழைத்தவர், பிளீசியோசார் என்ற நீண்ட கழுத்துள்ள பழங்காலக் கடல் ஊர்வனவின் முழுமையான எலும்புக்கூட்டை 1823ல் கண்டெடுத்தவர். அவர் கண்டெடுத்தவற்றை வைத்து 1830ல் ஹென்றி டி லா பெஷ் என்ற நிலவியலாளர் ஒரு பழங்காலக் கடலை வரைந்தார். இக்தியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வன பிளீசியோசாரின் கழுத்தைக் கடிக்கிறது, மேலே பறக்கும் ஊர்வன, கீழே சிப்பிகள். எலும்பாகக் கிடந்த விலங்குகள் ஒன்றையொன்று தின்றுகொண்டு உயிரோடு இருந்ததைப் புதைபடிவச் சான்றுகளை வைத்துக் காட்டிய முதல் காட்சி என்று இதைச் சொல்வார்கள். கடிபட்ட பிளீசியோசார் பயத்தில் மலம் கழிப்பதுகூடப் படத்தில் இருக்கிறது, எந்தக் குழந்தையும் அதை முதலில் கண்டுபிடித்துவிடும், சிரித்து முடித்ததும் புதைபடிவ மலத்திலிருந்துதான் அந்த விலங்குகள் எதைத் தின்றன என்று தெரிந்துகொண்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். படத்தின் அச்சுப் பிரதிகளை விற்ற பணம் வறுமையில் இருந்த மேரி ஆனிங்குக்குப் போனது.

முதல் கடிதத்தில் சொன்ன ஓட்ஸிக்கும் இப்படி ஒரு மாற்றம் வந்தது. வெளுத்த தோலும் நீண்ட முடியுமாகவே அவரை வரைந்து வந்தார்கள். 2023ல் வெளியான மரபணு ஆய்வு, அவருடைய தோல் கருமையானது, தலை பெரும்பாலும் வழுக்கையாக இருந்திருக்கும் என்று சொன்னது. ஆகவே உங்கள் மகளிடம், "ரெண்டு புத்தகமும் அவங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் உண்மையைத்தான் வரைஞ்சிருக்காங்க, நடுவுல என்ன கிடைச்சதுன்னு நாம தேடலாமா?" என்று கேளுங்கள்.

கேள்வி: அட்டையைப் பார்த்து வாங்கி ஏமாந்துபோகிறோம். புத்தகத்தின் உள்ளே படம் சரியாக இருக்கிறதா என்று அந்தத் துறை தெரியாத நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: துறை தெரிய வேண்டியதில்லை, நாலைந்து இடங்களைப் புரட்டினால் போதும்.

விண்வெளிப் பக்கத்தில் பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீட்டிய முட்டை வடிவத்தில் இருக்கிறதா பாருங்கள். சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைந்ததால் அப்படித் தெரியலாம், ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால், பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போது கோடை என்று பிள்ளை முடிவு கட்டிவிடும், பெரியவர்களிலேயே பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மையில் பாதை ஏறக்குறைய வட்டம். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், பூமியின் வடபாதிக்கு அது குளிர்காலம். பருவங்கள் மாறுவது பூமியின் அச்சு சாய்ந்திருப்பதால்.

மனித உடலைப் பற்றிய பக்கத்தில் நீல ரத்தக் குழாய்கள் இருந்தால், அது வேறுபடுத்திக் காட்டப் போட்ட நிறம்தான் என்று ஒரு வரி இருக்கிறதா? ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், கொஞ்சம் கருஞ்சிவப்பு. வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளைப் பற்றிய பக்கத்தில் கொம்பு வைத்த தலைக்கவசம் இருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். வைக்கிங் காலத்துக் கொம்புக் கவசம் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை, அந்த உருவம் பரவியதற்கு 1876ல் மேடையேறிய, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடக உடைகள் ஒரு பெரிய காரணம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகப் பார்ப்பது அளவு. சூரியக் குடும்பத்தை ஒரே பக்கத்தில் சரியான அளவில் வரைய முடியாது, அதில் குற்றமில்லை, "இந்தப் படத்தில் தூரங்கள் உண்மையான அளவில் இல்லை" என்று எழுதியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் நீங்களே பிள்ளையோடு செய்து காட்டலாம். பூமியை 1 மில்லிமீட்டர் புள்ளியாக வைத்தால் சூரியன் சுமார் 11 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டம், இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 12 மீட்டர். நிலவு பூமியிலிருந்து 3 சென்டிமீட்டர் தூரத்தில். நெப்டியூனை வைக்க 350 மீட்டர் நடக்க வேண்டும். நடந்து பாருங்கள், விண்வெளி என்பது பெரும்பாலும் வெற்றிடம் என்று நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

கேள்வி: விலங்குகள் சட்டை போட்டுப் பேசுகிற அறிவியல் புத்தகங்கள் நிறைய வருகின்றன. பேத்திக்கு நான்கு வயது, அவளுக்கு அவைதான் பிடிக்கின்றன. கொடுக்கலாமா?

பதில்: கதையாகக் கொடுங்கள் ஐயா, தாராளமாக. அறிவியலாகக் கொடுக்காதீர்கள். 2014ல் பட்ரீசியா கேனியா என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, அவர்கள் அறியாத விலங்குகளைப் பற்றிய புத்தகங்களை வாசித்துக்காட்டினார்கள். விலங்குகளை மனிதர்களைப் போலக் காட்டிய புத்தகங்களைப் பார்த்த குழந்தைகள் அந்த விலங்கைப் பற்றிக் குறைவாகவே கற்றுக்கொண்டார்கள், மனிதக் குணங்களை அதன் மேல் ஏற்றியும் பேசினார்கள். நாலு வயதில் ஒரு நண்டு எப்படி நடக்கிறது என்பதே போதுமான அதிசயம், அதற்குத் தொப்பி வேண்டாம்.

கேள்வி: தேதிகளை என்ன செய்வது? படம் பார்த்துக் கதை கேட்கிறார்கள், ஆனால் எது முன், எது பின் என்று கேட்டால் எல்லாம் குழம்பிவிடுகிறது.

பதில்: ஒரு நீளமான காகிதத் துண்டை எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள், 20 வருடத்துக்கு 1 சென்டிமீட்டர் என்று கணக்கு. பார்த்த படங்களைச் சின்னதாக வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எகிப்தின் பெரிய பிரமிடு கி.மு. 2560 வாக்கில் கட்டப்பட்டது, கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30, மனிதர் நிலவில் இறங்கியது 1969. பிரமிடிலிருந்து கிளியோபாட்ரா ஏறக்குறைய 126 சென்டிமீட்டர் தள்ளி வருவார், கிளியோபாட்ராவிலிருந்து நிலவுப் பயணம் 100 சென்டிமீட்டரில் வந்துவிடும். பழைய எகிப்து என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்த இரண்டில் ஒன்று நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் திரும்பத் திரும்ப அளப்பார்கள். தாத்தா பாட்டி பிறந்த ஆண்டையும் ஒட்ட மறக்காதீர்கள். தேதியை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: வரலாற்றில் கொடுமைகளும் இருக்கின்றன. அடிமை முறை, படுகொலை இவற்றையெல்லாம் படமாகப் பிள்ளைக்கு எப்படிக் காட்டுவது? காட்டாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிட்டால் நாம் சொல்வது பாதி வரலாறு. ஆனால் ரத்தத்தைக் காட்ட வேண்டியதில்லை. 1788ல் அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் இங்கிலாந்தில் ஒரு படத்தை அச்சிட்டார்கள். புரூக்ஸ் என்ற கப்பலின் தளத்தை மேலிருந்து பார்ப்பதுபோன்ற வரைபடம் அது. அடுத்த ஆண்டு லண்டனில் வந்த பதிப்பில் நானூறுக்கும் மேற்பட்ட மனித உருவங்கள், படுத்த நிலையில், தோளோடு தோள் இடிக்க வரிசை வரிசையாக இருக்கின்றன. அடிப்பவர் யாரும் அதில் இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. ஆனாலும் பார்த்தவர்களை உலுக்கியது, அந்த வணிகத்தை 1807ல் பிரிட்டன் தடை செய்ததற்குப் பின்னால் இருந்த நீண்ட போராட்டத்தில் இந்தப் படத்துக்கும் பங்கு உண்டு. பத்து வயதுக்கு மேல் ஒரு பிள்ளை இதைப் பார்த்து, "இவங்க எப்படித் திரும்பிப் படுப்பாங்க?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்தால் பக்கத்தில் இருங்கள், தனியாக விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், தெரிந்த அளவுக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். சிறிய பிள்ளைகளுக்கு இது வேண்டாம், அவர்கள் கேட்கும்போது கேட்ட அளவுக்கு மட்டும் சொன்னால் போதும்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. வரலாறும் பிடிக்கும், படம் வரையவும் பிடிக்கும். நானே ஒரு புத்தகம் செய்யலாமா? எதைப் பற்றிச் செய்வது?

பதில்: செய்யலாம் கண்ணா, இன்றைக்கே ஆரம்பித்துவிடு. எகிப்தில் மெரர் என்று ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்னால் தன் ஆட்களோடு படகில் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் பெரிய பிரமிடுக்குக் கொண்டுபோனவர். இன்றைக்குக் கல் ஏற்றினோம், இன்றைக்குப் புறப்பட்டோம், இரவு இங்கே தங்கினோம் என்று நாள் வாரியாகப் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் குறித்து வைத்தார். 2013ல் செங்கடல் ஓரத்தில் அந்தத் தாள்கள் கிடைத்தன, உலகில் இதுவரை கிடைத்த எழுத்துள்ள பாப்பிரஸ் தாள்களில் அவைதான் மிகப் பழையவை. தான் செய்த வேலையைத்தான் அவர் எழுதினார்.

நீயும் உன் கண் முன்னால் நடக்கிற ஒன்றை எடுத்துக்கொள். பக்கத்தில் ஒரு வீடு கட்டுகிறார்களா, ஒரு செடி முளைக்கிறதா, ஒரு சிலந்தி வலை பின்னுகிறதா, எதுவானாலும் சரி, தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பார்த்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வரை. தேதி எழுது. தெரிந்த பாகத்துக்கெல்லாம் படத்துக்குள்ளேயே பெயர் போடு, தெரியாத இடத்தில் நீயாக எதையும் வரைந்துவிடாமல் கேள்விக்குறி போட்டு வை, பிறகு கண்டுபிடிக்கும்போது அதைத் திருத்து, ஆனால் பழைய பக்கத்தைக் கிழிக்காதே. அப்புறம், எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக ஒவ்வொரு படத்திலும் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் உன் கட்டைவிரலையும் அதே அளவுக் கணக்கில் வரைந்துவிடு.